டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

போன ஐப்பசியில் குன்னூருக்குப் போயிருந்தேன். பர்லியார் தாண்டி மலை ஏறும்போதே மூக்கு அடைத்துக்கொண்டது. தங்கின வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள். நீலகிரித் தைலம். கொதிக்கிற வெந்நீரில் நாலு சொட்டு விட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஆவி பிடித்தேன். அரை மணியில் மூக்கு திறந்துவிட்டது. (பெரியவர்களுக்குத்தான் இந்த வைத்தியம். கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதும், சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் பாட்டிலை வைப்பதும் கூடவே கூடாது. இந்தத் தைலம் வயிற்றுக்குள் போனால் விஷம்.)

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை மசியில் அச்சடித்த சீட்டு; அதில் ஒரு பாட்டியம்மாளின் பெயர்; பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்து. டிரேட் மார்க் பதிவான பெயர் என்பதற்கு அடையாளம் அது. வீட்டில் தயாராகிற தைலத்துக்கு இவ்வளவு தூரம் யார் மெனக்கெட்டார்கள் என்று விசாரித்தேன். "பக்கத்து ஹட்டிப் பெண்தான். அவளே உங்களைப் பார்க்கணும்னு இருக்கா, வரச் சொல்றேன்" என்றாள் அந்த அம்மாள். ஹட்டி என்றால் படுகர் ஊர்.

மறுநாள் காலை அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வந்தாள். முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும். குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை உரத்துக்கும் பறிகூலிக்கும் போய்விடுகிறது என்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டிலேயே சாக்லெட் செய்து சீசன் கடைகளுக்குப் போட ஆரம்பித்தாள். பிறகு கேரட் ஊறுகாய், அப்புறம் தைலம், சத்து மாவு. எல்லாவற்றுக்கும் மாமியாரின் பெயர்தான். பெயரைப் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்திருக்கிறாள்.

"அக்கா, இப்போ கீழே சமவெளியிலே யாரோ ஒருத்தர் இதே பேரை ஊறுகாய்க்குப் பதியக் கேட்டிருக்காராம். நான்தான் ஏற்கெனவே பதிஞ்சிருக்கேனே! எப்படி அக்கா வாங்குவாங்க?"

சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்திருந்த சான்றிதழை வாங்கிப் படித்தேன். பெயர் சரி, முகவரி சரி. வகுப்பு 30. அதற்குக் கீழே, பொருள் விவரம் என்ற இடத்தில், ஒரே ஒரு சொல்: சாக்லெட்.

"ஏம்மா, இதிலே ஊறுகாய் எங்கே இருக்கு?"

"பேரைத்தானே அக்கா பதியறது?"

இந்த இதழில் எழுத வேறு விஷயம் எடுத்து வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்வியைக் கேட்டதும் அதைத் தள்ளிவைத்துவிட்டேன். ஊறுகாய், பொடி, நைட்டி, சோப்பு என்று வீட்டிலிருந்தே ஏதாவது செய்து விற்கிற சகோதரிகள் நம் வாசகிகளில் எத்தனையோ பேர். பெயர் வைக்க ஆறு மாதம் யோசிப்பார்கள். ஜோசியரைக் கூடக் கேட்பார்கள். அந்தப் பெயரை எந்தப் பொருளின் மேல் ஒட்டப் போகிறோம் என்கிற வரியை மட்டும், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர் கையில் விட்டுவிடுவார்கள். சட்டம் காவல் நிற்பதோ அந்த வரிக்குத்தான். சாக்லெட் என்று எழுதினால் சாக்லெட் மேல் இருக்கிற பெயருக்குத்தான் பதிவு. ஊறுகாய் ஜாடி மேல் அதே பெயர், அதே எழுத்து, அதே பச்சை மசி என்றாலும், அது பதிவாகாத பெயர்.

அது மட்டுமா? பதிவாகாத பொருளின் மேல் அந்த வட்ட 'ஆர்' போடுவது சட்டப்படி தவறு. தைலத்தின் மேலும் ஊறுகாய் மேலும் அவள் அதை அச்சடித்திருந்தாள். சொன்னதும் பாவம், முகம் வாடிப் போயிற்று. "டி.எம். என்று இரண்டு எழுத்துப் போட்டுக்கொள், அதற்குப் பதிவு வேண்டாம், மீதிச் சீட்டை இன்றோடு நிறுத்து" என்றேன்.

இனி வகுப்பு என்கிறார்களே, அது என்னவென்று பார்ப்போம். நம் அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் விற்கிற பொருள்கள், செய்கிற சேவைகள் அத்தனையையும் போட்டு வைக்க ஒரு பெரிய பெட்டி. அதில் 45 அறை. முதல் 34 அறைகள் பொருள்களுக்கு, 35-லிருந்து 45 வரை பதினொன்று சேவைகளுக்கு. 1957-இல் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு 'நைஸ்' என்று படிக்கிறவர்கள் உண்டு. புடவைக்குச் சொல்கிற நைஸ் அல்ல, நீஸ். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 2019-இல்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த அறைகளைத்தான் நம் பதிவு அலுவலகமும் கையாண்டு வருகிறது. முன்பு பொருள்களுக்கு மட்டுமே டிரேட் மார்க் உண்டு. 1999-ஆம் வருஷத்துச் சட்டம் 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி அமலுக்கு வந்த பிறகே சேவைகளுக்கும் பதிவு கிடைத்தது. அதுவரையில் ஊட்டியில் எத்தனை பிரமாதமாக லாட்ஜ் நடத்தினாலும், லாட்ஜ் என்கிற சேவைக்காக அதன் பெயரைப் பதிய வழி கிடையாது.

எந்தப் பொருள் எந்த அறை? ஊட்டி கேரட்டை எடுத்துக்கொள்வோம். மண்ணைக் கழுவிச் சந்தைக்கு அனுப்புகிற பச்சைக் கேரட் 31-ஆம் வகுப்பு. விதையும் அங்கேதான். அதையே நறுக்கி ஊறுகாய் போட்டால் 29. துருவி அல்வா கிளறினால், கேக்கில் போட்டால் 30. சாறு பிழிந்து பாட்டிலில் அடைத்தால் 32. அரைத்து முகத்துக்குப் பூசுகிற க்ரீமில் சேர்த்தால் 3. கேரட் துருவுகிற துருவியை விற்றால் 21. குழந்தை விளையாடத் துணியில் கேரட் பொம்மை தைத்தால் 28! ஒரே கேரட், பார்த்தீர்களா, எத்தனை அறை ஏறி இறங்குகிறது! எதிலிருந்து செய்தோம் என்று பார்த்து அறை தேடினால் அகப்படாது. செய்து முடித்த சாமான் எதற்குப் பயன்படுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

தேயிலையும் அப்படியே. தூள், டீ பை, ஐஸ் டீ எல்லாம் 30. நாற்றங்கால் தேயிலைக் கன்று 31. வியாதிக்கு மருந்தாகக் குடிக்கிற மூலிகை டீ என்றால் 5. வடிகட்டி 21. டீக்கடை வைத்தால் 43. பிறத்தியார் கொடுக்கிற பச்சை இலையைக் கூலிக்கு அரைத்துத் தூளாக்கிக் கொடுத்தால் 40.

கம்பளி பின்னுகிறவர்கள் கவனிக்க: ஸ்வெட்டர் 25, நூல் உருண்டை 23, மேஜை விரிப்பு 24, பின்னக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு 41.

நம் பெண்ணின் தைலத்துக்கு வருவோம். நீலகிரியில் அந்த மரம் சுயமாக முளைத்ததல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது. விறகுக்கென்று வந்த மரம் மலையையே பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் தகரக் கொட்டகையில் பெரிய கலத்தில் இலையைத் திணித்து, ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெய் எந்த அறை? அவள் சொன்னாள்: "எண்ணெய்தானே அக்கா, எண்ணெய்க்குன்னு ஒரு நம்பர் இருக்குமே." அங்கேதான் கோளாறு. சளிக்கு ஆவி பிடிக்க, நெஞ்சில் தடவ என்று விற்றால் மருந்து, 5-ஆம் வகுப்பு. சோப்பிலும் முகப்பூச்சிலும் சேர்க்கிற வாசனை எண்ணெய் என்றால் 3. பாட்டிலுக்குள் ஒரே சரக்கு. சீட்டில் என்ன சொல்லி விற்கிறாள் என்பது அறையை மாற்றிவிடுகிறது. 'தைலம்' என்று மொட்டையாக எழுதினால் பரிசோதிக்கிற அதிகாரிக்கு என்ன விளங்கும்?

'நீலகிரித் தைலம்' என்பதையே தன் பெயராகப் பதிய முடியுமா என்றும் அவளுக்கு ஓர் ஆசை. முடியாது. அது சரக்கின் பெயர், எல்லாருக்கும் பொது. 'ஹோம் மேட் சாக்லெட்' என்பதும் அப்படியே. 'ஊட்டி வர்க்கி' 2023-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும் அந்தக் குறியீடு உண்டு. அவை ஊருக்கும் அங்கே செய்கிறவர்களுக்கும் சேர்ந்த சொத்து. மாமியார் பெயரை வைத்தாளே, அது புத்திசாலித்தனம்.

"சரிக்கா, பண்ணது தப்பு. இனிமே எல்லாத்தையும் எழுதிடறேன். முப்பதாம் நம்பர்லே உள்ளது பூரா, இருபத்தொன்பதிலே உள்ளது பூரா. பின்னாலே எது செஞ்சாலும் ஆகும் இல்லே?"

யாருக்கும் தோன்றுகிற யோசனைதான். ஆனால் அதிலும் கண்ணி இருக்கிறது. ஒரு வகுப்பில் உள்ள அத்தனையும் வேண்டும் என்று கேட்டால், இவ்வளவும் நீ செய்கிறாயா, செய்யப் போகிறாயா என்று அலுவலகமே கேட்கலாம். தப்பித்தவறிப் பதிவானாலும் பின்னால் ஒருவர் வந்து குறைக்கச் சொல்லலாம். ஹைதராபாத்தின் சார்மினார் சிகரெட் வழக்கு இப்படித்தான் நடந்தது. வஜீர் சுல்தான் கம்பெனி அந்தப் பெயரை 'தயாரித்த புகையிலை' என்று அகலமாகப் பதிந்து வைத்திருந்தது. செய்ததோ சிகரெட் மட்டும். ஜர்தாவும் கிவாமும் விற்கிற விஷ்ணுதாஸ் என்ற வியாபார நிறுவனம், 'சிகரெட் செய்கிறவருக்குப் புகையிலை முழுவதும் எதற்கு?' என்று பதிவைக் குறைக்கச் சொல்லிப் போராடியது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1996-இல் பதிவு சிகரெட்டோடு நிற்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. செய்யாத, செய்கிற எண்ணமும் இல்லாத பொருளுக்குப் பெயரை அடைத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம். பதிவான பிறகு ஐந்து வருஷம் தொடர்ந்து அந்தப் பொருளில் பெயரைப் பயன்படுத்தாமல் விட்டாலும், நீக்கச் சொல்லிப் பிறர் கேட்க இடமுண்டு.

குறுக்கினாலும் ஆபத்து, அகட்டினாலும் ஆபத்து. அப்படியானால் முதலில் சாக்லெட் என்று போட்டுவிட்டுப் பிறகு ஊறுகாயைச் சேர்த்துக்கொள்ளலாமே? அதுவும் ஆகாது. கொடுத்த விண்ணப்பத்தில் பொருளைக் குறைக்க விடுவார்கள். அதில் இல்லாத புதுப் பொருளை உள்ளே நுழைக்க விடமாட்டார்கள். புது விண்ணப்பம், புதுக் கட்டணம், முக்கியமாகப் புதுத் தேதி. உங்களுக்கு முன்னால் வேறொருவர் கொடுத்திருந்தால் அவருடைய தேதி உங்களுக்கு முந்திவிடும். இந்தப் பெண்ணுக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

அவள் வீட்டில் ஒரு தனி அறை கட்டி, சீசனில் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறாள். வாசலில் அதே மாமியார் பெயர்ப்பலகை. தங்குவதற்கு இடம் கொடுப்பது 43-ஆம் வகுப்பு, சேவை. பொருளின் காவல் சேவைக்குத் தானாக நீண்டுவிடாது. இதற்குத் தேயிலையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலை நம் நாட்டில் முதன்முதல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கல்கத்தாவில் ஐ.டி.சி. ஹோட்டல் ஒன்று தன் கூடம் ஒன்றுக்கு 'டார்ஜிலிங் லவுஞ்ச்' என்று பெயர் வைத்தது. தேயிலை வாரியம் 2010-இல் வழக்குப் போட்டது. கல்கத்தா ஹைகோர்ட் 2019-இல் வாரியத்தின் வழக்கைத் தள்ளிவிட்டது. குறியீடு தேயிலை என்கிற பொருளுக்கு, லவுஞ்ச் என்பதோ சேவை என்று சொல்லிவிட்டார்கள். டிரேட் மார்க்கும் புவிசார் குறியீடும் வேறு வேறு சட்டம், வாஸ்தவம்தான். ஆனாலும் பொருள் ஒரு பக்கம், சேவை ஒரு பக்கம் என்று எழுத்தில் பிரிந்து கிடப்பது எவ்வளவு பெரிய வாரியத்தையும் தடுக்கும் என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். நல்ல கேள்வி. "ஊறுகாய் 29, சாக்லெட் 30. நம்பர் வேறேன்னா அவர் வாங்கிக்கலாம்னுதானே அர்த்தம்?"

அப்படியும் சொல்ல முடியாது. அறை எண் என்பது சாமானை எடுத்து வைக்க, தேட, கட்டணம் வாங்க வசதிக்கு ஏற்பட்டது. ஒரே அறையில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்றாகிவிடாது. அறை வேறு என்பதால் உறவே இல்லை என்றும் ஆகாது. சட்டினி 30-இல், ஊறுகாய் 29-இல் கிடக்கின்றன. நம் இலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே! பெங்களூரில் நந்தினி பால் எல்லாருக்கும் தெரியும். கர்நாடகப் பால் கூட்டுறவுச் சம்மேளனம் 1985 முதல் வைத்திருக்கிற பெயர். அதே ஊரில் 1989 முதல் 'நந்தினி டீலக்ஸ்' என்று ஹோட்டல்களும் நடக்கின்றன. ஹோட்டல்காரர்கள் 29, 30-ஆம் வகுப்புகளில் உணவுப் பொருள்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டார்கள். 'பாலும் 29-தானே, அதே வகுப்பில் எப்படிக் கொடுக்கலாம்?' என்று சம்மேளனம் எதிர்த்தது. 2018 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஹோட்டல்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வகுப்பு ஒன்று என்பதால் மட்டும் பொருள் ஒத்ததாகிவிடாது. பாலும் பால் பண்டங்களும் நீங்கலாக மற்றவற்றுக்கு அவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று. அந்த 'நீங்கலாக' என்கிற சொல்லைப் பாருங்கள். பொருள் விவரத்தில் ஒரு சொல்லைச் சேர்ப்பது போலவே, ஒன்றை விலக்குவதும் சண்டையைத் தீர்க்கும்.

ஆகையால் அவளுக்கு வழி அடைபடவில்லை. ஒருவர் கேட்கிற பெயரை உடனே பதிந்துவிடுவதில்லை. முதலில் டிரேட் மார்க் இதழில் வெளியிடுகிறார்கள். வாரா வாரம் வருகிறது, இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வெளியான நாலு மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு இல்லாவிட்டாலும், 'அவருக்கு முன்னாலிருந்தே இந்தப் பெயரில் நான் ஊறுகாய் விற்கிறேன்' என்று காட்ட முடிந்தால் சட்டம் காது கொடுக்கும். காட்ட என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"கடைக்குப் போட்டதுக்குப் பில் வச்சிருக்கியா?"

"துண்டுச் சீட்டுதான் அக்கா. பிஸ்கெட் டின்னிலே போட்டு வச்சிருக்கேன். பாதி பூசணம் பிடிச்சிருக்கும்."

பூசணம் பிடித்தாலும் பரவாயில்லை, தேதி தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் எடு என்றேன். சீட்டு அச்சடித்த பிரஸ்காரர் பில், ஜாடி வாங்கின பில், கடைக்காரருக்கு அனுப்பின போட்டோ, எது கிடைத்தாலும் சரி. ஊறுகாய் ஜாடியின் பழைய சீட்டு ஒன்றே ஒன்று ஒட்டின மேனிக்கு மிஞ்சியிருந்தாலும் பத்திரம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து புது விண்ணப்பத்துக்கான வரிகளைத் தமிழில் எழுதினோம். விண்ணப்பம் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோதான் கொடுக்க வேண்டும். ஆனால் செய்கிறவள் தன் பாஷையில் முதலில் எழுதி, பிறகு மாற்றித் தரச் சொல்வதே சரி. எழுதுகிறவர் நம் சரக்கைக் கண்ணால் பார்த்ததில்லையே! இரண்டு கேள்வி போதும் என்று எனக்குப் படுகிறது: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? வாங்குகிறவள் அதை எதற்கு வாங்குகிறாள்?

ஊறுகாய் சுலபமாக முடிந்தது. "கேரட் ஊறுகாய்" என்று எழுதினாள். அடுத்த வருஷம் பூண்டும் பீட்ரூட்டும் போட எண்ணம் என்றாள். அப்படியானால் "காய்கறி ஊறுகாய்கள்" என்று எழுது, எண்ணம் நிஜமாக இருந்தால் அகலம் தப்பில்லை. 29.

தைலத்துக்கு "சளி, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கவும் மேலே தடவவும் பயன்படும் யூகலிப்டஸ் தைலம்". 5. ஆனால் டிரேட் மார்க் கிடைத்துவிட்டால் மருந்து விற்க அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை; மருந்துச் சட்டப்படி லைசென்ஸ் தனி. சாப்பிடுகிற பண்டத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தனி. இதைச் சொன்னபோது அவள் கொஞ்சம் நெளிந்தாள். தைலத்தை அந்த அதிகாரிகளைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு விற்பது என்று முடிவாயிற்று. விண்ணப்பம் 'இனிமேல் பயன்படுத்தப் போவது' என்றும் கொடுக்கலாம். ஏற்கெனவே விற்று வந்தால் எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, அதற்குப் பிரமாண பத்திரமும் சேர்க்க வேண்டும்.

சத்து மாவில்தான் வெகுநேரம் போயிற்று. ராகி, கம்பு, பொட்டுக்கடலை, ஏலக்காய் எல்லாம் வறுத்து அரைத்தது. வீட்டில் எல்லாரும் குடிக்கிற கஞ்சி மாவு என்றால் 30. குழந்தை உணவு என்றால் 5, மருந்துகளோடு ஒரே அறை. அவள் சீட்டிலோ '6 மாதக் குழந்தை முதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். தாய்மார்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்களாம். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் பண்ணவும் விற்கவும் 1992-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று பலத்த கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சின்ன அடுப்பங்கரைத் தொழிலுக்கு அது தாங்காது. தவிர, கடலை வகைகள் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. "குடும்பத்துக்கான தானியக் கஞ்சி மாவு" என்று எழுதினோம். அந்தக் கொட்டை எழுத்து போகிறதே என்று அவளுக்கு வருத்தம்தான்.

கணக்குப் பார்த்தோம். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையத்தில் கொடுத்தால் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500. காகிதத்தில் கொடுத்தால் ரூ. 5,000. ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்பு கேட்கலாம், ஆனால் கட்டணம் வகுப்புக்கு வகுப்பு. 29, 5, 30 மூன்றுக்கும் ரூ. 13,500. சாக்லெட்டுக்கு 30 ஏற்கெனவே இருக்கிறதே என்றால், அது சாக்லெட்டோடு சரி; கஞ்சி மாவுக்கு மறுபடி கட்ட வேண்டும். முதலிலேயே இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தால் ஒரே கட்டணத்தில் போயிருக்கும். பதிவு பத்து வருஷத்துக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும். நம் தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். நேரே போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர் 16-ம் 35-ம் கூட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தாராம். சாக்லெட் போகிற அட்டைப்பெட்டி காகிதம், ஆகவே 16. கடைக்கு விற்கிறாள், ஆகவே 35. இரண்டும் வீண் செலவு. அவள் அட்டைப்பெட்டி வியாபாரி இல்லை. பெட்டி சாக்லெட்டோடு போகிற உறை. 35 என்பது பலருடைய சரக்கை வாங்கி வைத்து விற்கிற கடை என்னும் சேவைக்கு. தான் செய்ததைத் தானே விற்பதற்கு அந்த வகுப்பு வேண்டாம். தங்கும் அறைக்கு 43 கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரே ஓர் அறை, வருஷத்தில் இரண்டு மாதம். கையில் பணம் சேரட்டும் என்று தள்ளிவைத்தாள். அவசரம் ஊறுகாய்க்குத்தான்.

வகுப்பு எண்ணைத் தேட அலுவலகத்தின் இணையப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. அதே பெயரை வேறு யாராவது முன்பே கேட்டிருக்கிறார்களா என்றும் வகுப்பு வாரியாகக் காசில்லாமல் பார்க்கலாம். பொருள்களை அறை மாற்றி அவ்வப்போது திருத்துகிறார்கள். தோழியின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எண்ணைக் காப்பி அடிக்காமல், கொடுக்கிற அன்றைக்கு இருக்கிற பட்டியலைப் பாருங்கள்.

நான் ஊர் திரும்பி மூன்றாம் நாள் போன் வந்தது. பிஸ்கெட் டின்னைக் கொட்டி, அடுப்பு ஓரத்தில் சீட்டுகளை ஒவ்வொன்றாக உலர்த்தியிருக்கிறாள். ஊறுகாய்க்குக் கிடைத்ததில் பழையது நாலு வருஷத்துக்கு முந்தின ஒரு பில். கோத்தகிரிக் கடைக்காரர் கையெழுத்து, பன்னிரண்டு ஜாடி, மாமியார் பெயர் தெளிவாக இருக்கிறது.

"அவர் எப்போ முதல் விக்கறதா எழுதியிருக்கார், பார்த்தியா?"

"இனிமேல்தான் விக்கப் போறதா எழுதியிருக்கார் அக்கா."

இதழில் பெயர் வெளிவந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. எதிர்ப்பு மனு எழுத ஊட்டியில் ஒரு வக்கீலைப் பார்க்கத் திங்கட்கிழமை போகிறாளாம். போகும்போது ஒரு ஊறுகாய் ஜாடியும் எடுத்துக்கொண்டு போ என்றேன்.